ரயில் பக்கத்து ஜன்னல்

...திட்டவில்லை, கூப்பிட்டாள், அவ்வளவுதான், காபி ஆறிப்போறது வந்து எடுத்துக்கோங்கோ என்று சொன்னாள், அதற்குப் போய் தீனா கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான், "இன்னா மேடம், சார் மேல இவ்ளோ காண்டா கீறீங்க?" என்கிறான், ஜன்னல் மாட்ட வந்த தச்சுவேலைக்காரன், வந்து ஒரு காலைப்பொழுது கூட ஆகவில்லை, அதற்குள் இந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று முடிவு கட்டிவிட்டான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, புதிதாக வருகிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒரு தடவை, நான் அப்புறமா வரட்டுங்களாம்மா என்று கேட்டிலேயே தயங்கி நின்றார்... ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டின வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் வேறு எப்படிப் பேசுவாள், ரயிலுக்கு மேலே பேச வேண்டும், ரயிலுக்கு மேலே முடியாவிட்டால் நிறுத்த வேண்டும், வாயைத் திறந்தபடியே நிறுத்தி, கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், சாம்பாரில் உப்பு என்று ஆரம்பித்து, ஒரு சரக்கு ரயில் முழுவதும் கரண்டியோடு காத்திருந்து, போட மறந்துட்டேன் என்று முடித்தவள் அபிதகுஜாம்பாள், அதற்குள் அவள் புருஷன் தோத்தாத்ரி சாப்பிட்டுக் கை அலம்பியிருந்தார், உப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாரா, சொல்லவில்லை, அல்லது சொன்னாரோ என்னவோ, ரயில் போய்க்கொண்டிருந்ததே, யாருக்குத் தெரியும்... இதையெல்லாம் தீனாவுக்கு எப்படி விளக்குவது, அவள் சிரித்துவிட்டு, "கோபமெல்லாம் இல்லப்பா, எங்காத்துல வால்யூம் அப்படி" என்றாள், அதையும் கத்தித்தான் சொன்னாள்.

தோத்தாத்ரி வந்தார், டம்ளரை எடுத்துக்கொண்டார், உதடு அசைந்தது, வெளியே சென்னை பீச்சுக்குப் போகிற ரயில் கடந்துகொண்டிருந்தது, "என்ன?" என்றாள், "ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார், எப்போதும் போல... ஜன்னல் வைக்க வேண்டும் என்று சொன்னதே அவர்தான், அதுதான் ஆச்சரியம், ஒரு விஷயத்தைத் தானாகச் சொல்கிற மனுஷர் இல்லை, போன தையில் உமேஷ் என்று ஒரு பில்டர் வந்து, இடிச்சுட்டு எட்டு ஃப்ளாட் கட்டலாம் மாமா, உங்களுக்கு மாடியில தனியா ரெண்டு, என்று வரைபடத்தை மேஜையில் விரித்தபோதுகூட இவர் வரைபடத்தின் மூலை சுருண்டுகொள்ளாமல் டம்ளரை எடுத்து வைத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை, பெங்களூரிலிருந்து பிள்ளை ஷ்யாம்சுந்தர் போனில், குடுத்துடும்மா, நீதானே இருபது வருஷமா ரயில் ரயில்னு அழறே என்றான், வாஸ்தவம்தான், அழுதாள்தான், ரிட்டையர் ஆனபிறகு மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்றால் முடிகிறதா, தூக்கம் வருகிற நேரம் பார்த்துத்தான் தெற்கே போகிற எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் ஹாரன் அடிக்கின்றன, மூன்றாவது பாதை போட்டதிலிருந்து கட்டிலே நகர்கிறது, போய் பள்ளிக்கரணையில் ஒரு ஃப்ளாட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள், ஒன்பதாவது மாடி, கீழே சதுப்பு நிலம், தூரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பறவைகள், ஒரு சத்தம் இல்லை, அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, சமையலறைகூட கிழக்குப் பார்த்து... திரும்பி வரும்போது மேடவாக்கம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது இவர் சொன்னார், தெளிவாகச் சொன்னார், "அபி, ஒரே ஒரு ரூமுக்கு நல்ல ஜன்னல் போட்டுப் பாப்போம், அப்பவும் உனக்கு முடியலேன்னா கிளம்பிடலாம்." அவ்வளவுதான், சிக்னல் விழுந்தது, அதற்குமேல் அந்தப் பேச்சே இல்லை, மறுவாரம் சரிதா வந்து நிற்கிறாள் அளவுநாடாவோடு.

சரிதா கெட்டிக்காரி, சின்ன வயசு, கோவிலம்பாக்கத்தில் சொந்தப் பட்டறை, பழைய வீடுகளுக்கென்றே மர ஜன்னல் செய்கிறாள், பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுடுங்களேன் எல்லாரும் அதானே போடறா என்று இவள் கேட்டதற்கு, போடலாம்மா, ஆனா இந்தச் சுவத்துல அது பட்டுப்புடவைக்கு பெல்ட் போட்ட மாதிரி இருக்கும் என்றாள், அது பிடித்துப்போயிற்று... மின்சார ரயில் வந்த காலத்தில் தோத்தாத்ரியின் தாத்தா கட்டின வீடு, கை நீளத்துக்குக் கனமான சுவர், ஆளுயர ஜன்னல், மேலே அரைவட்டத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி, அந்த அரைவட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னால் புதுக் கண்ணாடி, கீழே தேக்குச் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி, இரண்டும் ஒரே தடிமன் இல்லையாம், ஒன்றில் தப்பித்து வருகிற சத்தம் இன்னொன்றில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம், சுற்றிலும் இரண்டு வரிசை ரப்பர், கைப்பிடியைத் திருப்பினால் நாலு மூலையிலும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்ளும், காற்று வேண்டுமென்றால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும்... இதையெல்லாம் சரிதா சொல்லச் சொல்ல, டெலிபோன் டிபார்ட்மென்டில் இன்ஜினீயராக இருந்த மனுஷர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தார், முகத்தில் ஒரு ஆர்வம், கண்ணாடி வழியாகச் சத்தம் எப்படி வரும் என்று ஏதோ கேட்கக்கூடச் செய்தார், அவளுக்குத்தான் காதில் விழவில்லை.

இப்போது சட்டம் உள்ளே போகமாட்டேன் என்கிறது, பழைய ஜன்னலைக் காலையிலேயே கழற்றியாயிற்று, சுவரில் அவ்வளவு பெரிய ஓட்டை, ஓட்டை வழியாக ரயில் ஏறக்குறைய அறைக்குள்ளேயே வந்துவிட்டுப் போகிறது, தூசி, இரும்பு வாசனை, படிக்கட்டில் தொங்குகிற ஒருவன் இவளைப் பார்த்துக் கை வேறு அசைத்தான்... தீனாவும் இன்னொருத்தரும் சட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள், வலதுபக்கம் போகிறது, இடதுபக்கம் இடிக்கிறது, "அக்கா, போவல, முட்டிகினு நிக்குது" என்கிறான் தீனா, சரிதா ரசமட்டம் வைத்துப் பார்க்கிறாள், நாடாவைப் பிடிக்கிறாள், அளவெடுத்த தாளைப் பார்க்கிறாள், மறுபடி நாடா, நெற்றியில் கோடு விழுகிறது, "நான் எடுத்த அளவு இது இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், அபிதகுஜாம்பாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது, சொல்லலாமா, சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன, பாவம் அந்தப் பெண், தன் பட்டறையில் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்... "அம்மா, நான் அளந்துட்டுப் போனதுக்கு அப்புறம் யாராவது ஓரத்துல பூசினாங்களா?" என்று சரிதாவே கேட்டுவிட்டாள், பூசினார்கள்தான், இவள்தான் பூசச் சொன்னாள், காரை பெயர்ந்து அசிங்கமாக இருக்கிறதே, புது ஜன்னல் வரும்போது சுவர் பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று, அடுத்த தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டு இடதுபக்கம் முழுக்க சிமெண்ட் வைத்து வழவழவென்று... "நான்தாம்மா" என்றாள், நாற்பது பிள்ளைகளை அதட்டின டீச்சர் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது, ஓட்டை வழியாக எதிர்த்திசையில் ஒரு ரயில், நல்லவேளை, எல்லோரும் பேசாமல் நிற்க ஒரு சாக்கு, ரயில் போனதும் சரிதா சிரித்துவிட்டாள், "சிமெண்ட்டுதானே, பேர்த்துடலாம், உள்ளே இருக்கிற சுண்ணாம்புக் காரை மட்டும் அடிபடாம பாத்துக்க தீனா" என்றாள், தீனா உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்தான், டொக் டொக் என்று, அறைக்கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்த தோத்தாத்ரியின் உதடு மறுபடி அசைந்தது, இவள் அவர் பக்கமே திரும்பவில்லை.

எத்தனை வருஷம் இந்த உதட்டசைவைப் பார்த்தாயிற்று, முதலில் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம் அதுவும் குறைந்துபோயிற்று, கேட்டால்தான் ஒண்ணுமில்ல என்று வருகிறதே... கல்யாணத்துக்கு முன்னால் இப்படியா இருந்தார், குரோம்பேட்டை ஸ்கூலில் ஸ்டாஃப் ரூம் போன் செத்துப்போய்விட்டது என்று புகார் கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பம், லைன் சரியாகிவிட்டதா பார்க்கிறேன் மேடம் என்று ஒரு குரல், மறுநாளும் பார்த்தது, அதற்கு மறுநாளும் பார்த்தது, ஒரு குறையும் இல்லாத லைனை ஒரு வருஷம் பழுது பார்த்த மனுஷர், எவ்வளவு பேசுவார், எக்ஸ்சேஞ்சில் யார் என்ன உளறினார்கள், மேலதிகாரி ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஹலோ ஹலோ என்றது, மெதுவான குரல்தான், ஆனால் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு சொல்கிற மாதிரி இருக்கும், இவள் நோட்டுத் திருத்துகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள், ஸ்டாஃப் ரூமில் தபீதாள் டீச்சர் இவள் முதுகில் கிள்ளுவாள்... அந்தக் குரலுக்காகத்தானே இரண்டு வீட்டிலும் அத்தனை ரகளை, ஐயர் வீட்டுப் பெண் ஐயங்கார் வீட்டுக்கா என்று அவள் அப்பா ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை, திருநீர்மலையில் தாலி கட்டி இந்த வீட்டுக்கு வந்து ஏறினாள், வந்த பிறகு அந்த வாயாடி எங்கே போனான், முதல் வருஷம் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, சண்டைகூடப் போட்டாள், பிறகு மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுத் தெளிந்துவிட்டாள், ஆம்பளைகள் எல்லோரும் அப்படித்தான், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷத்துக்குப் பேசித் தீர்த்துவிடுவார்கள், அதற்கப்புறம் தினத்தந்தி... குறை ஒன்றுமில்லை, நல்ல மனுஷர், ஷ்யாமுக்கு டைபாய்டு வந்தபோது விடிய விடிய உட்கார்ந்திருந்தார், இவள் சம்பளத்தில் இவள் என்ன செய்தாள் என்று ஒரு நாள் கேட்டதில்லை, பேச்சு ஒன்றுதான் கிடையாது, அது இல்லாமல் வாழ முடியாதா என்ன, இந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

சட்டம் உட்கார்ந்துவிட்டது, எப்படி உட்கார்ந்தது என்றே தெரியவில்லை, சிமெண்ட் பெயர்ந்ததும், ரெண்டு பேரும் தோள் கொடுத்து ஒரு தள்ளு, மரம் கல்லை உரசி ஒரு முனகல், உள்ளே போய் நின்றுகொண்டது, அப்புறம் சரிதா நாலு பக்கமும் ஆப்பு வைத்து, ரசமட்டத்தின் குமிழைப் பார்த்துப் பார்த்து, இங்கே ஒரு தட்டு அங்கே ஒரு தட்டு, இது நேரா இருக்கும்மா, சுவர்தான் சாஞ்சிருக்கு, பாக்கறப்போ உங்களுக்கு ஜன்னல் கோணலா இருக்கிற மாதிரி தெரியும், பயந்துடாதீங்க என்றாள், இடைவெளியில் ஏதோ நாடாவைச் செருகினாள், அது மெல்ல உப்பிச் சந்து முழுவதையும் அடைத்துக்கொள்ளுமாம், அதன்மேல் சுண்ணாம்பு, தேக்கு வாசனை அறை முழுக்க... கடைசியாகக் கதவுகளைக் கீலில் ஏற்றினார்கள், கண்ணாடிக் கனத்தில் தீனாவின் கழுத்து நரம்பு புடைத்தது, சரிதா கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீங்களே மூடுங்க" என்றாள், அபிதகுஜாம்பாள் கைப்பிடியைப் பிடித்தாள், தள்ளினாள், மெத்தென்று போய் ஒட்டிக்கொண்டது, திருப்பினாள்.

என்ன ஆயிற்று, காது அடைத்துவிட்டதா, மலையேறும்போது அடைக்குமே அந்த மாதிரி... இல்லை, காது நன்றாகத்தான் இருக்கிறது, ஃபேன் கேட்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு க்ளிக், இந்த ஃபேனுக்கு க்ளிக் உண்டா, இத்தனை நாள் சொல்லவே இல்லையே, தீனா மூச்சு விடுகிறான், அது கேட்கிறது, தன் வளையல் கேட்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரயில் வந்தது, வந்தது என்று கண்தான் சொன்னது, பச்சைப் பெட்டிகள், ஜன்னல் ஜன்னலாக முகங்கள், போன் பேசுகிற வாய்கள், வெகு தூரத்தில் யாரோ பாய் சுருட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், போய்விட்டது, "போயிடுத்தா!" என்று கத்தினாள், அவள் குரல் சுவரில் மோதித் தன் முகத்திலேயே வந்து அறைந்தது, ஐயோ, இப்படியா கத்துகிறேன், இத்தனை வருஷமும் இப்படியா, தீனா சொன்னது சரிதான் போலிருக்கிறதே... எல்லோரும் சிரித்தார்கள், அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சரிதா மூலை மூலையாகக் குனிந்து ரப்பரைத் தடவிப் பார்த்தாள், தீனா சாமான்களைப் பைக்குள் போட்டான், அப்போதுதான் அது கேட்டது, கதவோரத்தில், மெதுவாக, யாருக்கும் இல்லாமல் காற்றுக்குச் சொல்கிற மாதிரி, "கல்யாணப் பொண்ணுக்குப் பூசற மாதிரி சுவத்துக்குப் பவுடர் பூசி வெச்சா, மாப்பிள்ளை உள்ள வர முடியாம வாசல்லயே நின்னுட்டார் பாவம்..."

சிரிப்பு அவளைக் கேட்காமலே வந்துவிட்டது, வயிற்றிலிருந்து, கண்ணில் நீர் வருகிற சிரிப்பு, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள், தோத்தாத்ரிக்குத் தூக்கிவாரிப்போட்டது, நிமிர்ந்து பார்த்தார், திருடனை டார்ச் அடித்துப் பிடித்த மாதிரி ஒரு முழி, "உனக்கு... கேட்டுதா?" என்றார், "கேட்டுதே" என்றாள், அவர் முகம் சிவந்துபோயிற்று, அறுபத்துமூன்று வயசு மனுஷருக்கு இப்படி முகம் சிவக்குமா, தண்ணி மோட்டார் போட்டேனோ என்னமோ என்று முணுமுணுத்துக்கொண்டு, அதுவும் கேட்டது, விடுவிடுவென்று வெளியே போய்விட்டார்... அந்த ஸ்டாஃப் ரூம் குரல், அதேதான், கொஞ்சம் கரகரப்புச் சேர்ந்திருக்கிறது, மற்றபடி அதே ஆள், அதே விஷமம், எங்கேயும் போகவில்லை, இந்த வீட்டிலேயேதான் இருந்திருக்கிறான், ரயிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு.

சரிதா போகும்போது என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனாள், ரெண்டு நாளைக்கு வேகமா அடிச்சு மூடாதீங்க, ரப்பரைத் துணியால துடைங்க, பிடிச்சிருந்தா மத்த ரூமுக்கும் பாக்கலாம், அவசரமில்ல, எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள், மெதுவாகச் சொல்லிப் பழகினாள், சரி, சரி... சாப்பிடும்போது கூடத்தில் வழக்கம்போல ரயில், வழக்கம்போல நிறுத்தி நிறுத்திப் பேச்சு, மோர் போடட்டுமா, போடு, அவ்வளவுதான், ஆனால் அவர் ஒரு தரம் நிமிர்ந்து இவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தட்டைப் பார்த்துக்கொண்டார், இவளுக்கும் என்னவோ கூச்சம், இந்த வயசில் என்ன கூச்சம்.

மத்தியானம் கட்டிலில் படுத்துக்கொண்டாள், சுவர்ப் பக்கம் திரும்பி, ஜன்னல் மூடியிருக்கிறது, சிவப்பும் பச்சையும் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது, தூக்கம் வரும் போலத்தான் இருக்கிறது, இத்தனை வசதியாக வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள், அப்போது கதவு திறந்து மூடியது, நாற்காலி முனகியது, அவர்தான், பேப்பர் சரசரத்தது, மடிந்தது, அவள் அசையவில்லை, மூச்சை நீளமாக விட்டாள், தூங்குகிறவள் மூச்சு எப்படி இருக்கும், இப்படித்தான் இருக்குமா... கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் க்ளிக் க்ளிக், பிறகு ஆரம்பித்தார், குரலே இல்லை, குரலின் நிழல், "தூங்கிட்டா பாரு, படுத்த உடனே... பழைய ஜன்னல் மேல அந்த அணில் கூடு கட்டி வெச்சிருந்ததே, காலைல அது வந்து ஓட்டையப் பாத்துட்டு ஒரு முழி முழிச்சுது பாரு, நம்ம தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பாத்து உமேஷ் முழிச்ச மாதிரியே..." அபிதகுஜாம்பாள் தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டாள், சிரிக்கக் கூடாது, சிரித்தால் போய்விடுவார், மோட்டார் போட, பால் வாங்க, எங்கேயாவது, மறுபடி ரயிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார், இப்படியே படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம், தினமும் மத்தியானம், இதற்காகவே தூங்கலாம், ஆனால் அது ஒட்டுக்கேட்பது இல்லையா, சொந்தப் புருஷனை ஒட்டுக்கேட்கலாமா, தப்பா, தெரியவில்லை... அவர் பேசிக்கொண்டே போனார், தேக்கு வாசனையைப் பற்றி, தீனாவின் மீசையைப் பற்றி, நடுநடுவே நிறுத்தினார், நிறுத்தி, ம், அதான் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார், முதலில் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தாள், மூச்சு இல்லை அது, இல்லையா அபி என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறார், ஒரு பதில் சொல்கிற நேரம், சரியாக அவ்வளவு நேரம் விடுகிறார், பதில் வந்த மாதிரி ம் கொட்டிவிட்டு மேலே போகிறார், ஓ... தனக்குத்தானே பேசிக்கொள்ளவில்லை இவர், என்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார், இத்தனை வருஷமும் என்னோடுதான், பதில் சொல்ல இன்னொரு அபி இருக்கிறாள், கத்தாதவள், எல்லாம் காதில் விழுகிறவள், அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார், அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு ஒரு பொறாமை வந்தது, லேசாக, சுகமாகக்கூட இருந்தது... நாற்காலி இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் நகர்ந்தது, "அபி," என்றார், "இங்கேயே இருந்துடலாமா, இல்ல பள்ளிக்கரணைக்கே போயிடலாமா, உனக்கு எது இஷ்டமோ அதுதான், நீ என்ன சொல்றே?" நிறுத்தினார், கண்ணாடிக்கு அப்பால் பாய் சுருட்டுகிற மாதிரி ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது, அவள் உதட்டைத் திறந்தாள், என்ன சொல்வது என்று இன்னும் நினைத்துக்கூட முடிக்கவில்லை, அதற்குள் அவர், "சரி, நீ சொன்னா சரிதான்" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார், பேப்பரைப் பிரித்தார், அவளுக்குக் கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை, என்ன சொல்லியிருப்பாள் அந்த இன்னொரு அபி?